புது வண்டிக்குப் போட்ட வெள்ளை விளக்கு

ஆறு மணியானால் என் போன் அடிக்க ஆரம்பிக்கும். முதலில் அம்மா. பிறகு நைனா, என் அப்பா. பிறகு, நைனாவிடம் நான் சொன்ன பதிலைச் சரிபார்க்க மறுபடியும் அம்மா. "எங்க இருக்கிற?" என்பது ஒன்றே கேள்வி. எந்த ஊர்ப் பேரைச் சொன்னாலும் அது அவர்களுக்குத் தூரமாகத்தான் இருக்கும்.

என் வேலை அப்படிப்பட்டது. நான் எலக்ட்ரிக்கல் படித்தவள். சென்னைப் பக்கம் ஒரு தொழிற்சாலையில் கொஞ்ச காலம் இருந்துவிட்டு, செஞ்சிக்கே திரும்பி வந்து, கழனி மோட்டார்களின் ஸ்டார்ட்டர் பெட்டிகளைப் பழுது பார்க்கும் வேலையைச் சொந்தமாக ஆரம்பித்தேன். வீட்டு ஹாலில் பாதி என் பட்டறை. இந்தத் தொழிலில் ஒரு சங்கடம் உண்டு. மோட்டார் ஓட த்ரீ பேஸ் கரண்ட் வேண்டும். அது கழனிக்கு நாள் முழுக்க வராது, முறை வைத்து விடுவார்கள். சில வாரம் பகலில் வந்தால் சில வாரம் ராத்திரியில். பெட்டியைப் பிரித்து மாட்டுவதைப் பகலில் செய்துவிடலாம். ஆனால் மோட்டார் சுற்றுகிறதா, எவ்வளவு ஆம்ப்ஸ் இழுக்கிறது, ரிலே சரியான நேரத்தில் விழுகிறதா என்று பார்க்க கரண்ட் வந்தாக வேண்டும். ஸ்கூட்டரில் போய்க்கொண்டிருந்தவரை ராத்திரி முறை வாரங்களை நான் விட்டுவிடுவேன். பயிர் காய்கிறவர்கள் காத்திருக்க மாட்டார்கள். திண்டிவனத்திலிருந்து வேறு ஆளைக் கூப்பிட்டுக்கொள்வார்கள். அப்படிப் போனவர்கள் பகல் முறையிலும் என்னிடம் திரும்பி வரவில்லை.

அதற்காகத்தான் வண்டி வாங்கினேன். வெள்ளை நிறத்தில் சின்ன லோடு வேன். பின்னால் மோட்டாரையே ஏற்றி வரலாம். கதவைப் பூட்டிக்கொண்டு ஓட்டலாம். இனி ராத்திரி வாரங்களும் என் வாரங்கள் என்று நினைத்தேன்.

அந்த நினைப்பு முதல் ராத்திரியிலேயே ஆட்டம் கண்டது. அனந்தபுரத்துக்கு அந்தப் பக்கம் ஒரு கழனியில் வேலை முடித்துத் திரும்பிக்கொண்டிருந்தேன். கரும்பு ஏற்றிய டிராக்டர் ஒன்று, பின்னால் ஒரு சிவப்பு விளக்குகூட இல்லாமல் எனக்கு முன்னால் போய்க்கொண்டிருந்திருக்கிறது. வண்டியோடு வந்த விளக்கின் மங்கல் மஞ்சளில் கரும்பும் ரோடும் இருட்டும் ஒரே நிறமாக இருந்தன. பிரேக்கை மிதித்து நின்றபோது கரும்புத் தோகை என் முன் கண்ணாடியைத் தடவிக்கொண்டிருந்தது.

வீட்டுக்கு வந்து சாப்பிடும்போது நடந்ததை வரிசையாகச் சொன்னேன். எந்த இடம், என்ன வேகம், கடைசியில் எவ்வளவு இடைவெளி மிஞ்சியது. வேலை முடிந்ததும் ரிப்போர்ட் கொடுத்தே பழகிவிட்டது. நைனா சாப்பிடுவதை நிறுத்தினார். அவர் பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். பெரும்பாலும் கடைசி டிரிப்புகளில் போனவர். இருட்டின பிறகு இந்தப் பக்கத்து ரோடுகளில் எதெல்லாம் குறுக்கே வரும் என்று அவருக்குத் தெரியும். ஒன்றும் தெரியாமல் பயப்படுகிறார் என்று அவரைத் தள்ளிவிட முடியாது.

"ஆறு மணிக்கு மேல வேணாம்மா," என்றார். "பகல்ல வர்ற வேலய மட்டும் பாரு."

"பாதி வேல ராத்திரிதான் நைனா."

"அப்போ பாதி வேல போதும்."

"புது வண்டிய வாங்கி வாசல்ல நிறுத்தி அழகு பாக்கறதுக்கா?" என்றார் அம்மா. அம்மா யார் பக்கம் பேசுகிறார் என்பது எங்கள் வீட்டில் கடைசிவரை தெரியாது.

"டிராக்டர் தெரியாம போனது லைட்டாலதான்," என்றேன். "லைட்டு நல்லா இருந்தா?"

நைனா சோற்றைப் பிசைந்தபடி யோசித்தார். "பஸ் லைட்டு மாதிரி இருந்தா போ. இல்லன்னா வேணாம்."

அதை நான் ஒரு அளவுக் குறிப்பாக எடுத்துக்கொண்டேன். அன்று ராத்திரி தூக்கம் வரவில்லை. புரண்டு படுத்தபடி என்னென்ன வாங்க வேண்டும் என்று மனசுக்குள் அடுக்கிக்கொண்டிருந்தேன். ஒரு வாரம் கைவிட்டுப் போனால் எந்தெந்தக் கழனிகள் போகும் என்ற வரிசையும் கூடவே ஓடியது.

காந்தி பஜாரைத் தாண்டி, வண்டிச் சாமான் விற்கும் பாயின் கடைக்கு மறுநாள் போனேன். ஹெச்.ஐ.டி. விளக்கு செட் வேண்டும் என்றேன்.

"யாரு வண்டிம்மா? அண்ணனுதா?"

"என்னுது."

"மாப்ள ஓட்டறாரா?"

"நான்தான் ஓட்டறேன்."

"அத மொதல்ல சொல்லாம நின்னுக்கினே பேசற. உக்காரு, உக்காரு." ஸ்டூலைத் துடைத்துப் போட்டார். மூன்று அட்டைப் பெட்டிகளைப் பிரித்து வைத்தார். "இது மஞ்சள் கலந்த வெள்ளை. இது பால் வெள்ளை. இது நீலம். இந்தப் பசங்கல்லாம் நீலத்தத்தான் கேப்பானுங்க. ரோட்டுல போனா கல்யாண மண்டபமே எழுந்து வர்ற மாதிரி இருக்கும்."

"நீலம் மழையில ஒண்ணும் காட்டாது. மஞ்சள் கலந்ததே குடுங்க. ரிலே வச்ச வயரிங் செட்டும் வேணும். புது வண்டி, கம்பெனி வயர வெட்ட மாட்டேன்."

"தெரிஞ்சிதான் வந்திருக்க."

"எதுக்கால வர்றவங்களுக்குக் கண்ணு கூசாதில்ல?"

"கூசினா அவனும் நம்ம கடைக்கு வந்து இதயே வாங்கிப் போட்டுக்கட்டும்," என்று பாய் சிரித்தார். நானும் சிரித்துவிட்டேன்.

சாதாரண பல்பில் ஒரு இழை சூடாகி எரியும். ஹெச்.ஐ.டி.யில் இழை கிடையாது. கண்ணாடிக் குமிழுக்குள் வாயு இருக்கும். அதில் ஆயிரக்கணக்கான வோல்ட் பாய்ச்சினால் உண்டாகும் பொறிதான் வெளிச்சம். அந்த வோல்டேஜைக் கொடுப்பதற்கு பாலஸ்ட் என்று கையகலத்தில் ஒரு அலுமினியப் பெட்டி, விளக்குக்கு ஒன்றாக. மாட்டுவது எனக்குப் பெரிய விஷயமில்லை. ஆனால் அம்மா நாள் பார்த்தார். வண்டிக்குப் பூஜை போட்டபோது ஹெட்லைட் இரண்டுக்கும் அவர்தான் சந்தனமும் குங்குமமும் வைத்திருந்தார்.

"அது வண்டிக்குக் கண்ணு. வாங்கின மாசத்துலயே யாருனா கண்ண நோண்டுவாங்களா?"

"பல்பு மட்டும்தாம்மா மாத்தறேன்."

"கண்ணு பாப்பாவ மட்டும் மாத்தறியா?" என்றவர், செவ்வாயும் வெள்ளியும் கூடாது, சனிக்கிழமை இரும்பில் கை வைக்கக் கூடாது என்று நீக்கிக்கொண்டே வந்து ஞாயிறில் நிறுத்தினார். அதுவும் நாலரைக்கு ராகு காலம் பிறப்பதற்குள் முடிக்க வேண்டும். அவர் இதைச் சொன்னது வியாழக்கிழமை. நடுவில் இரண்டு சாயங்காலம் நைனாவின் பேச்சுக்குக் கட்டுப்பட்டு வீட்டில் உட்கார்ந்திருந்தேன். கூப்பிட்டவர்களிடம் திங்கள்கிழமை வருவதாகச் சொன்னேன். உட்கார்ந்த இடத்தில் கால் ஆடிக்கொண்டே இருந்தது. "அந்தக் காலக் கொஞ்சம் நிறுத்து," என்று அம்மா இரண்டு தடவை சொன்னார்.

ஞாயிறு காலையில் பேட்டரியின் நெகட்டிவ் முனையைக் கழற்றித் தொடங்கினேன். பழைய பல்புகளைப் பேப்பரில் சுற்றி எடுத்து வைத்தேன். ஹெட்லைட்டின் முதுகில் இருக்கும் ரப்பர் மூடியில் புது வயருக்காக வட்டமாக ஓட்டை போட்டேன். புதுக் குமிழில் விரல் படக் கூடாது. பட்டால் அந்த இடம் சூடேறி வெடித்துவிடும் என்பதால் துணியால் பிடித்து உட்கார வைத்தேன். தண்ணீர் தெறிக்காத இடம் தேடி பாலஸ்ட்டுகளை முறுக்கினேன். பேட்டரியிலிருந்து ஃப்யூஸ், ஃப்யூஸிலிருந்து ரிலே, ரிலேயிலிருந்து விளக்கு. ஸ்விட்சைப் போட்டால் பேட்டரிக் கரண்டை நேராக விளக்குக்குத் திறந்துவிடுவதுதான் ரிலே. எர்த் வயருக்குப் பெயின்ட் சுரண்டிய இடத்தில் மனசு கொஞ்சம் கூசியது. புது வண்டி.

ஸ்விட்சைப் போட்டதும் பாலஸ்ட்டில் மெல்லிய ரீங்காரம் எழுந்தது. விளக்குகள் நீலமாகத் துடித்து, ஊதாவாகி, மூச்சு இழுத்த மாதிரி ஒரு கணம் தயங்கி, வெள்ளையாக நிலைத்தன.

இருட்டியதும் எதிர்ச் சுவரில் அடித்துப் பார்த்தோம். நைனா தெருவில் நின்று, பஸ்ஸைப் பின்னால் எடுக்க விசில் கொடுப்பவர் போலக் கையை ஆட்டினார். கல் பெயர்ந்த இடம், சுவரொட்டியின் கிழிசல், பல்லி, எல்லாம் தெரிந்தது. ஆனால் டிம்மில் வைத்தால் கோடு போட்ட மாதிரி நிற்க வேண்டிய வெளிச்சம் நிற்கவில்லை. அந்தக் கோட்டுக்கு மேலேயும் திட்டுத் திட்டாகச் சிதறி எதிர் வீட்டு மாடி வரைக்கும் ஏறியது. மாடியிலிருந்து அந்த வீட்டு அத்தை எட்டிப் பார்த்தார்.

"இன்னா பாப்பா, கட்சி மீட்டிங்கா?"

"லைட்டு பாக்கறோம் அத்தை."

"எங்க வூட்டுக்குள்ள எதுக்குப் பாக்கறீங்க?"

திருகாணியைத் திருகி வெளிச்சத்தை இறக்கினேன். அதன் நடுப்பகுதி இறங்கியது, சிதறல் இறங்கவில்லை. இறங்கியவரை போதும் என்று தோன்றியது. நைனா சுவரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"பஸ்ஸுக்குக்கூட இப்படி இருந்ததில்ல," என்றார். "சரி. போ."

அந்த வாரம் நான் போகாத பக்கம் இல்லை. அவலூர்பேட்டை ரோடு, தளவானூர்ப் பக்கம், பிறகு அனந்தபுரத்துக்கு அந்தாண்டை மறுபடி. ரோட்டில் கிடக்கும் கயிறு, பாம்பு, வேலி ஓரம் நிற்கும் நாயின் கண், பள்ளத்தின் ஆழம், எல்லாம் துல்லியமாகத் தெரிந்தது. வளைவுகளில் வெளிச்சம் வண்டியோடு திரும்பி மலையின் பாறைகள் மேல் ஏறி இறங்கியது. ஆனாலும் நிம்மதி இல்லை. எதிரே வந்த எல்லா வண்டியும் என்னைப் பார்த்து விளக்கை வெட்டி வெட்டி அடித்தது. டிம்மில் இருக்கிறேன் என்று சொல்ல வழியில்லை. ஒரு லாரிக்காரர் பக்கத்தில் நிறுத்தி, "யோவ், கண்ண அவிச்சிடுவ போல," என்று கத்தினார். ஜன்னலில் என் முகத்தைப் பார்த்ததும், "ஏம்மா, நீயா?" என்று இன்னும் அதிகமாகத் திட்டினார். எதிரே வெளிச்சப் புள்ளி தெரிந்தால் மூச்சைப் பிடித்துக்கொள்வேன்.

ஒரு நல்லது மட்டும் நடந்தது. நைனா போன் செய்வதை நிறுத்திவிட்டார். அம்மா மட்டும்தான் கூப்பிட்டார். நான் ஜெயித்துவிட்டதாக நினைத்தேன்.

அனந்தபுரம் ரோட்டை விட்டுப் பிரியும் சின்ன ரோட்டில் ஒரு ஓடைப் பாலம் உண்டு. ஒரு வண்டிதான் போகும். ஒரு பக்கத்துக் கைப்பிடிச் சுவர் இடிந்து கிடந்தது. அந்த வாரம் எனக்கு அந்தப் பக்கம்தான் வேலை அதிகம். திரும்பி வரும்போது பாலத்தைத் தாண்டியதும் புளியமரத்தடியில் ஒரு ஆள் நிற்பார். மார்கழிப் பனிக்குத் தலையில் துண்டு கட்டியிருப்பார். என் வெளிச்சம் பட்டதும் முகத்தை மரத்துப் பக்கம் திருப்பிக்கொண்டு முழங்கையால் மறைத்துக்கொள்வார். பின்னால் ஏதோ இரண்டு சக்கர வண்டி சாய்ந்திருக்கும். முதல் நாள் குடித்துவிட்டு நிற்கிறார் என்று நினைத்தேன். அடுத்த நாளும் நின்றபோது, அந்த ரோட்டில் நான் கவனமாக இருக்க வேண்டியவை என்று மனசில் வைத்திருந்த வரிசையில் பாலம், பள்ளம், பன்றிகள் என்பவற்றோடு அவரையும் சேர்த்துக்கொண்டேன். அவரைக் கண்டதும் கண்ணாடியை ஏற்றிவிட்டு வேகத்தைக் கூட்டிவிடுவேன்.

நான் வீடு சேர்ந்து கை கால் கழுவும்போது நைனா மொபெட்டில் வந்து இறங்குவார். டீ குடிக்கப் போனதாகச் சொல்வார்.

பனி அதிகமாக இருந்த ஒரு ராத்திரி நான் வந்து சேர்ந்து, சாப்பிட்டும் முடித்தேன். நைனா வரவில்லை.

"டீ குடிக்கப் போனவரு தோட்டத்துக்கே போயி தேயில பறிக்கிறாரா?" என்று அம்மா வாசலுக்கும் உள்ளுக்குமாக நடந்தார். நான் போன் செய்தேன்.

"பாலத்துக்கிட்ட இருக்கிறேன்," என்றார் நைனா. "வண்டி சேத்துல எறங்கிடுச்சி. ஒண்ணும் இல்ல. நீ வராத."

எந்தப் பாலம் என்று கேட்கவே தோன்றவில்லை. வண்டியை எடுத்தேன். வழியெல்லாம் கணக்குப் போட்டேன். ஓடையில் தண்ணீர் எவ்வளவு இருக்கும், பின்னால் கயிறு இருக்கிறதா, முதலுதவிப் பெட்டி எங்கே வைத்தேன். பாலத்துக்கு இந்தப் பக்கம் புளியமரத்தடியில் யாரும் இல்லை. வெள்ளையாகப் பனி மட்டும் நின்றது. ரோட்டுக்குக் கீழேயிருந்து குரல் வந்தது.

"லைட்ட அணைம்மா! மொதல்ல அந்த லைட்ட அணை!"

அணைத்தேன். ஒன்றும் தெரியவில்லை. கதவைத் திறந்து இறங்கி, கையை முன்னால் நீட்டிக்கொண்டு நின்றேன். கண் முழுக்கப் பச்சை வட்டங்கள் மிதந்தன. தவளைச் சத்தமும் நைனா மூச்சு வாங்குவதும் கேட்டது. அப்புறம்தான் போனில் டார்ச் இருப்பது ஞாபகம் வந்தது.

ஓடையில் இல்லை, ரோட்டோரப் பள்ளத்தில் இருந்தார். முழங்கால்வரை சேறு. முழங்கை தேய்ந்து ரத்தம் கசிந்தது. மொபெட் படுத்துக் கிடந்தது. தலைத்துண்டு அவிழ்ந்து தோளில் தொங்கியது. அந்தத் துண்டைப் பார்த்த பிறகுதான் மரத்தடி ஆள் யாரென்று எனக்கு உறைத்தது.

கையைப் பிடித்து மேலே ஏற்றினேன். எலும்பில் வலி இருக்கிறதா என்று ஒவ்வொரு மூட்டாக அழுத்திக் கேட்டேன். "இன்னா, மோட்டாரா செக் பண்ற?" என்றார்.

"தினமும் இங்கதான் வந்து நிக்கிறியா நைனா?"

"தினமும் இல்ல."

"டீ குடிக்கப் போறேன்னு சொன்ன?"

"பிளாஸ்க்குல கொண்டாந்துடுவேன்."

"நான் உன்னக் குடிகாரன்னு நெனச்சேன்."

"தெரியும். என்னப் பாத்ததும்தான் வேகமா அழுத்துவ." அவருக்குச் சிரிப்பு வந்தது; முழங்கை வலியில் பாதியில் நின்றது. "நீ பாலம் தாண்டிட்டியான்னு பாத்துட்டுக் கெளம்பிடுவேன். மூஞ்சியெல்லாம் தெரியாது. வேற எவன் இப்படி லைட்டு போட்டிருக்கான், அதான் அடையாளம். நீ போனப்புறம் கொஞ்ச நேரம் எனக்கு ஒண்ணும் தெரியாது. கண்ணு தெளியறவரைக்கும் மரத்தப் புடிச்சிக்கினு நிப்பேன். இன்னிக்கிக் குளுரு. சீக்கிரமா கெளம்பிட்டேன்."

"மொத நாளே ஏன் சொல்லல?"

அவர் துண்டை உதறி மடித்தார். "சொன்னா நீ கழட்டிடுவ. கழட்டிட்டா நான் உன்னப் போவாதன்னு சொல்லணும். பேசினது அப்படித்தான?"

இருவருமாக மொபெட்டைத் தூக்கிப் பின்னால் ஏற்றிக் கட்டினோம். வேறு வழியில்லாமல் அதே விளக்கைப் போட்டுக்கொண்டுதான் திரும்ப வேண்டியிருந்தது. நைனா பக்கத்தில் உட்கார்ந்து ரோட்டைப் பார்த்தார்.

"உள்ள இருந்து பாத்தா நல்லாத்தான் இருக்குது," என்றார்.

எதிரே சைக்கிளில் வந்த ஒருவர் இறங்கி, வேலியோரம் ஒதுங்கி, முகத்தைத் திருப்பிக்கொண்டார். அவரைக் கடக்கும்போது நைனா ஜன்னல் வழியாகக் கையை நீட்டி, பொறுத்துக்கொள்ளச் சொல்வது போல அசைத்தார். அந்த மனிதருக்கு அது தெரிந்திருக்காது. வீடு வரும்வரை எதிரே வந்த எல்லோருக்கும் அப்படியே அசைத்துக்கொண்டு வந்தார்.

அம்மாவிடம் சறுக்கிவிட்டதாகச் சொன்னார். "டீக்கடையிலயா இவ்ளோ சேறு?" என்று அம்மா வெந்நீர் வைத்தார்.

காலையில் யாரிடமும் நாள் கேட்காமல் வண்டியின் முன்னால் போய் நின்றேன். சாதாரண பல்பில் டிம் இழைக்குக் கீழே கிண்ணம் மாதிரி ஒரு சின்னத் தகடு இருக்கும். மேலே போக வேண்டாத வெளிச்சத்தை அதுதான் மறைக்கும். ஹெட்லைட்டின் உள்பக்கம் முழுவதும் அந்த இழையின் இடத்துக்காகவே வளைக்கப்பட்டது. பொறி எரியும் குமிழ் அந்த இடத்தில் சரியாக உட்காராது. திருகாணியை எவ்வளவு இறக்கினாலும் சிதறல் போகாது. லென்ஸ் வைத்த வேறு விளக்கு வாங்கினால் சரியாகும், ஆனால் அதற்கு ஹெட்லைட்டையே பிளக்க வேண்டும். ராத்திரி முறை இன்னும் முடியவில்லை, அதற்கு நேரமில்லை. செய்யக்கூடியது ஒன்றுதான். பழைய பல்பைப் போட்டு, ரிலே வயரிங்கை மட்டும் வைத்துக்கொள்வது. மீட்டரை வைத்து அளந்து பார்த்தேன். கம்பெனியின் மெல்லிய வயரில் வழியிலேயே குறைந்துபோன வோல்டேஜ், ரிலே வழியாக முழுசாக வந்தது. முன்பைவிட நன்றாக எரியும். பஸ் மாதிரி எரியாது.

நைனா ஸ்டூலைக் கொண்டுவந்து பக்கத்தில் போட்டு உட்கார்ந்தார். முழங்கையில் மஞ்சள் பத்து. நான் பாலஸ்ட்டைக் கழற்றிக் கீழே வைத்தேன்.

"பஸ் லைட்டு மாதிரி இருக்காது நைனா," என்றேன்.

"தெரியுது."

ராத்திரி போகலாமா என்று நான் கேட்கவில்லை. கேட்டால் ஒரு பதில் வந்துவிடும். வந்துவிட்டால் அவர் அதை மாற்ற மாட்டார். பழைய பல்பைப் பேப்பரிலிருந்து பிரித்தபோது பானட்டின் மேல் போன் அடித்தது. என் கையெல்லாம் கிரீஸ். நைனா எடுத்தார். அனந்தபுரத்துக் கழனிக்காரரின் குரல் எனக்கே கேட்டது.

"பாப்பா, இன்னிக்கும் எட்டு மணிக்குத்தான் கரண்டு உடுவானாம். மல்லாட்டப் பயிரு காயுது, இன்னிக்கித் தண்ணி கட்டலன்னா அவ்ளோதான். வருவியா, வேற ஆளப் பாக்கட்டுமா?"

"பாப்பா கை வேலயா இருக்குது. நான் அவ நைனா பேசறேன்."

"பாப்பா வருமாங்க?"

நைனா ஹெட்லைட்டின் உள்ளே குனிந்து பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். நான் பல்பைத் துணியோடு பிடித்தபடி அசையாமல் நின்றேன்.

"வரும்," என்றார். "கொஞ்சம் மெதுவாத்தான் வரும். கழனியில படுத்துத் தூங்கிடாத, ரோட்டு வரைக்கும் வந்து டார்ச்சு காட்டு."

போனைத் திரும்ப வைத்தார். "அந்த ரப்பர் மூடியில ஓட்ட போட்டு வெச்சிருக்கியே, அத அடைச்சிப் போடு. பனித்தண்ணி உள்ள போவும்." எழுந்து மொபெட்டின் வளைந்த மட்கார்டை நிமிர்த்தப் போனார்.

"நீ பாலத்துக்கு வராத நைனா," என்று கத்தினேன்.

அங்கிருந்து சுத்தியல் சத்தம் மட்டும் வந்தது.